எட்டுப் போட்ட பிறகு: சாரதி பயிற்சிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சாரதி பயிற்சிப் பாடசாலை நடத்துவோருக்கும் அங்கே மோட்டார் சைக்கிள் பழக்கும் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களிடம் மோட்டார் சைக்கிள் பழக வருகிறவர் என்னத்தைப் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று ஒருதரம் கணக்குப் பார்ப்போம். கிளச்சை விட்டு வண்டியைக் கிளப்பப் பழகுகிறார். கால் நிலத்தில் படாமல், 8 என்ற எழுத்து வடிவில் வண்டியை வளைத்து ஓட்டி, எட்டுப் போடப் பழகுகிறார். குறிகளுக்கு நடுவே வளைந்து வரவும், சிக்னல் போடவும் பழகுகிறார். ட்ரையல் என்கிற ஓட்டிக்காட்டும் பரீட்சை அன்றைக்கு இவ்வளவும் போதும். ஆனால் 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டியை, குறுக்கே மாடு வந்துவிட்டது என்றால், எத்தனை மீற்றருக்குள் எப்படி நிறுத்துவது என்கிற பாடம் இதில் எந்த இடத்திலும் இல்லை. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு அதை அவர் ஏ4 வீதியில், லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், தானாகத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டுப் போடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. மணிக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, பார்வையைப் போக வேண்டிய பக்கம் திருப்பி வண்டியை வளைக்கத் தெரியாதவருக்கு ஒடுங்கிய ஒழுங்கையில் வண்டியைத் திருப்பவே வராது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் பொழுதுபடுகிற நேரம் முன்னால் யானை நிற்கிறதைக் கண்டால் செய்யக்கூடிய ஒரே புத்தியான காரியம், தள்ளி நின்று, எஞ்சினை நிறுத்தாமல், ஹோர்ன் அடிக்காமல், வந்த வழியே திரும்புவதுதான். ஆறு மீற்றர் அகல வீதியில் கால் ஊன்றாமல் ஒரே வளைவில் திரும்ப எட்டுப் பழகியவரால்தான் முடியும். ஆகையால் எட்டு இருக்கட்டும். அதற்குப் பிறகு வர வேண்டியதைப் பற்றித்தான் இந்த மடல்.

1981இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவரின் குழு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. விபத்தில் மாட்டியவர்களில் 92 சதவீதமானோர் முறையாகப் பயிலாதவர்கள். தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ பழகியவர்கள். கடைசி இரண்டு செக்கனில் அவர்கள் செய்த பிழையும் பெரும்பாலும் ஒன்றேதான்: பின் பிரேக்கை மிதமிஞ்சி மிதித்துச் சில்லை இழுபட விட்டார்கள், முன் பிரேக்கைப் போதியளவு பிடிக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுடைய வீதிகளில் தாரில் கிடக்கிற கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். முக்கால்வாசி பின் டயர் இழுபட்ட கோடுகள்.

ஏன் எல்லாரும் பின் பிரேக்கையே நம்புகிறார்கள்? சின்ன வயதில் துவிச்சக்கரவண்டியில் 'முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறியும்' என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். துவிச்சக்கரவண்டிக்கு அது ஓரளவு உண்மை: வண்டி பாரமில்லை, ஆள் உயரத்தில் இருக்கிறார், இரண்டு சில்லுக்கும் இடைத் தூரம் குறைவு. மோட்டார் சைக்கிள் நூறு கிலோவுக்கு மேலே நிறை, எஞ்சின் கீழே. பஸ் சாரதி பிரேக் அடித்தால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முன்னுக்குச் சாய்வது போல, மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன் சில்லுக்குப் போகிறது. பாரம் ஏறிய சில்லுத்தான் தாரைப் பிடிக்கும். பின் சில்லு அந்த நேரம் பாரமிழந்து நிற்பதால் கொஞ்சம் மிதித்தாலே இழுபட்டுவிடும். நிறுத்துகிற வலிமையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்கில் இருக்கிறது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

கணக்காகவே சொல்கிறோம். 40 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 11 மீற்றர். கண்ணுக்குப் பட்டதிலிருந்து கை பிரேக்கைப் பிடிக்கும் வரைக்கும் ஒரு செக்கன் போய்விடும். அதற்குள் வண்டி 11 மீற்றர் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு, காய்ந்த தாரில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் இன்னும் ஒன்பது, பத்து மீற்றரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 18இலிருந்து 20 மீற்றர். 60இல் இந்த இடைவெளி இன்னும் விரியும்: இரண்டும் பிடித்தால் 21 மீற்றர், பின் மட்டும் என்றால் 40ஐத் தாண்டும். இடையில் இருக்கிற அந்த 20 மீற்றருக்குள்தான் ஆட்டோ நிற்கிறது, மாடு நிற்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை நிற்கிறது.

இதைப் பழக்க ஒரு மணித்தியாலமும் கடினமான தரையும் வேண்டும். கடற்கரை மைதானத்து மணலிலோ, பனி ஈரம் காயாத புல்லிலோ பிரேக் பழக்கக் கூடாது. அங்கே முன் சில்லு வழுக்கினால் பயிலுநர் முன் பிரேக்கை வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டார். நன்றாக இறுகிய கிறவல் தரை பரவாயில்லை, தார் அல்லது கொங்கிறீற் என்றால் இன்னும் நல்லது. நீளம் 60 மீற்றர், அகலம் 10 மீற்றர் போதும். ஒரு மூலையில் வண்டியைக் கிளப்பி, 30 மீற்றருக்குள் 30 கிலோமீற்றர் வேகம் எடுக்கலாம். குறிகளுக்குக் கடையில் கோன் வாங்கத் தேவையில்லை. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டால் அதுவே குறி, வண்டி மோதினாலும் ஒருவருக்கும் காயமில்லை.

முதல் தடவை 20 கிலோமீற்றரில், பின் பிரேக்கால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். முன் சில்லு நின்ற இடத்தில் சோக்கால் கோடு போடுங்கள். அடுத்தது முன் பிரேக்கால் மட்டும், மெதுவாக. பிறகு இரண்டாலும். மூன்று கோட்டையும் பயிலுநரே நடந்து போய்ப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் விளக்கிப் பேச வேண்டிய தேவையே வராது; அந்த மூன்று கோடும் பேசிவிடும். பிறகு 30இல் அதையே செய்யுங்கள். நம்பிக்கை வந்தவரிடம் மாத்திரம் 40இல்.

முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எல்லாப் பிழையும் நடக்கிறது. பயத்தில் கபக்கென்று இறுக்கினால், பாரம் முன்னுக்கு வந்து சேர்வதற்கு முன்னமே சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன் சில்லு ஒரு செக்கனுக்குள் ஆளைக் கீழே போட்டுவிடும். ஆகவே இரண்டு கட்டமாகப் பிடிக்கப் பழக்குங்கள். முதலில் லீவரை மெல்ல எடுக்க வேண்டும், முன் ஷொக் அமுங்குகிறது கையில் தெரியும். அமுங்கின பிறகு படிப்படியாக நன்றாக இறுக்கலாம். தேசிக்காய் பிழிகிற மாதிரி என்று சொன்னால் எங்கட ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். சில்லு பூட்டிவிட்டது, கீச்சென்று சத்தம் வருகிறது என்றால் லீவரை உடனே விட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். பின் சில்லு பூட்டி வண்டியின் வால் ஒரு பக்கம் போய்விட்டால் நிலைமை வேறு: அப்போது பின் பிரேக்கைச் சட்டென்று விட்டால் சில்லு திடீரென்று தாரைப் பிடித்து ஆளை மறுபக்கம் தூக்கி எறியும். வண்டி நிற்கும் வரைக்கும் அப்படியே மிதித்துக்கொண்டு, பார்வையை நேரே வைத்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு பிழைகளைக் கவனியுங்கள். ஒன்று, பிரேக் பிடிக்கிற அதே வலது கையால் எக்ஸலேற்றரையும் முறுக்கிக்கொண்டிருப்பது. நான்கு விரலையும் ஒன்றாகக் கொண்டுபோய் லீவரைப் பிடிக்கிறபோது மணிக்கட்டு கீழே இறங்கி எக்ஸலேற்றர் திறபடுகிறது. மணிக்கட்டு நேராக இருக்கும்படி லீவரின் சரிவைத் திருத்திக் கொடுத்தால் பாதிப் பேருக்கு இது போய்விடும். மற்றது, ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. சந்தியில் திரும்பி வருகிறபோது விழுகிறவர்களில் கனபேருடைய கதை இதுதான். வளைவுக்குள் போக முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கட்டாயம் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் முதலில் வண்டியை நிமிர்த்தி, ஹாண்டிலை நேராக்கி, அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும்.

பயிற்சி வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் முன் பிரேக் ட்ரம் வகை. கேபிள் நீண்டு, லீவர் பிடிகம்பி வரைக்கும் வந்து முட்டினாலும் ஒருவரும் திருத்துவதில்லை. லீவரின் நுனியில் ஒன்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்குப் பிறகு பிடிக்கத் தொடங்க வேண்டும். கிளச் லீவருக்கும் அதே அளவுதான். செயின் நடுவில் மேலும் கீழுமாக இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் தளர்வு. டயர்க் காற்றை வாரத்துக்கு ஒருதரமாவது பாருங்கள். எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும், பின்னால் ஆள் ஏற்றினால் எவ்வளவு என்பதும் பக்கத்தில் எழுதியிருக்கும். முன் பிரேக் வேலை செய்யாத வண்டியில் பழகியவருக்கு முன் பிரேக் என்று ஒன்று இருக்கிறதே தெரியாமல் போய்விடுகிறது.

கியரும் அப்படித்தான். சில வண்டிகளில் எல்லாக் கியரும் மிதியின் முன்பக்கத்தைக் கீழே மிதித்தால் விழும். சிலவற்றில் முதலாவது கீழே, மற்றதெல்லாம் மேலே. ஒரு வகையில் பழகிவிட்டு, வீட்டில் அண்ணனுடைய மற்ற வகை வண்டியை எடுத்தால், வேகம் கூட்ட நினைத்து மிதிக்கிறபோது கியர் குறைந்து பின் சில்லு பூட்டிக்கொள்ளும். இரண்டு வகையும் பாடசாலையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்படி இரண்டு வகை இருக்கிறது, புது வண்டியில் ஏறினால் முதலில் நிறுத்தியபடியே கியரைப் போட்டுப் பார் என்று சொன்னாலே போதும்.

ஸ்கூட்டி பழக வருகிற பெண்கள் இப்போது கூடியிருக்கிறார்கள்: ஆசிரியர்கள், தாதிமார், வங்கியில் வேலை செய்கிறவர்கள், கம்பஸ் போகிற பிள்ளைகள். கிளச் இல்லை, கியர் இல்லை, லேசு என்று அரை மணித்தியாலத்தில் அனுப்பிவிடாதீர்கள். ஸ்கூட்டியில் விழுகிற விதம் வேறு. இறங்கி நின்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளுவார்கள். வலது கை தன்னை அறியாமல் முறுக்கும், வண்டி பாய்ந்து போய் மதிலில் அடிக்கும். எஞ்சினை நிறுத்தாமல் ஸ்கூட்டியைத் தள்ளக் கூடாது என்பது முதலாவது பாடமாக இருக்க வேண்டும். இரண்டாவது, சில்லு சின்னது. முன் சில்லு 10 அங்குலம் மட்டுமே உள்ள ஸ்கூட்டிகளும் இருக்கின்றன. பெரிய சில்லு ஏறிப் போகிற குழியில் சின்னச் சில்லு இறங்கிவிடும். மூன்றாவது, மெதுவாகப் போகிறபோது காலைத் தொங்கவிடுகிற பழக்கம். கால் தட்டில் இருந்தால்தான் உடம்பு நிலையாக இருக்கும். தொங்குகிற கால் கரைக்கல்லில் அடிபட்டால் கணுக்கால் போய்விடும்.

அபாயா, சேலை, சால்வை பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பின்னால் ஒரு பக்கமாக அமர்ந்து போகிறவரின் உடுப்பு செயினிலோ பின் சில்லிலோ சுற்றினால் ஆளைப் பின்பக்கமாக இழுத்து விழுத்தும். தலை முதலில் தாரில் படுவது அப்படித்தான். சேலைக் கார்டைக் கழற்றிவிட்டு ஓடுகிற பையன்மாருக்கு இதைச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் அபாயாவின் கீழ்ப் பகுதியை முழங்காலுக்குக் கீழே இடுக்கி அமர வேண்டும், சால்வையின் நுனியை உள்ளே செருக வேண்டும். ஏறினதும் பக்கத்தில் நிற்கிற ஒருவர் சில்லைச் சுற்றி ஒருதரம் பார்க்கட்டும். பெண்களுக்குப் பெண் போதனாசிரியர் கிடைத்தால் இதெல்லாம் இன்னும் இலகுவாகப் பேசப்படும். இந்த இரண்டு மாவட்டத்திலும் அதற்குத் தகுதியான பெண்கள் இல்லாமல் இல்லை. சாரமும் பாட்டாச் செருப்பும் அணிந்து வருகிற ஆண்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: செருப்பு வார் கியர் மிதியில் மாட்டினால் அந்தக் காலை நிலத்தில் ஊன்ற முடியாது.

இனி வலது பக்கம் திரும்புவது. எங்கள் கரையோர வீதியின் அமைப்பே இந்தப் பிரச்சினையை உண்டாக்குகிறது. ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வீதியின் இரு பக்கமும் வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல். நூறு மீற்றருக்கு ஓர் ஒழுங்கை. ஆட்கள் வீதியின் இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்துவிட்டுத் தங்கள் ஒழுங்கை வந்ததும் குறுக்கே வெட்டித் திரும்புகிறார்கள். பின்னால் வருகிற பஸ் அந்த நேரம் முந்திக்கொண்டிருக்கிறது. பஸ்காரன் பிழை என்று ஊர் சொல்லும். வேகம் அவருடைய பிழைதான். ஆனால் திரும்பியவர் பின்னால் பார்க்கவே இல்லை.

பழக்க வேண்டிய ஒழுங்கு இது. திரும்புவதற்குக் குறைந்தது 50 மீற்றர் முன்னால் கண்ணாடி பார்த்து சிக்னல் போட வேண்டும். வலது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒருதரம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடிக்குள் தெரியாத இடம் ஒன்று எப்போதும் இருக்கிறது. பின்னால் இடைவெளி இருந்தால் மட்டும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கமாக மெல்ல நகர்ந்து, அங்கே நின்று, எதிர்ப்பக்கம் வெளித்த பிறகு திரும்ப வேண்டும். பின்னால் வரிசையாக வாகனம் வந்தாலோ, இருட்டிவிட்டாலோ, புதிதாகப் பழகியவர் என்றாலோ நடுவுக்குப் போகவே தேவையில்லை. இடது பக்கம் வீதியை விட்டு இறங்கி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக் குறுக்கே கடக்கலாம். அரை நிமிடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். திரும்பி முடிந்ததும் சிக்னலை நிறுத்த வேண்டும். மோட்டார் சைக்கிள் சிக்னல் பெரும்பாலும் தானாக நிற்காது. காரில் நிற்பதால் காரில் பழகிய போதனாசிரியர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வலது சிக்னல் எரிந்துகொண்டே நேரே போகிறவரை நம்பி எதிரே ஒருவர் ஒழுங்கையிலிருந்து வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுற்றுவட்டத்தில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது எழுத்துப் பரீட்சைக்குப் படித்த எல்லாருக்கும் தெரியும். வீதியில் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்க்கலாம்.

வேறு மாவட்டத்துக்காரர் எழுதிய பாடத்தில் வராத சில விசயங்கள் எங்கள் மண்ணுக்கு இருக்கின்றன. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கல்லடிப் பாலத்திலும் மண்முனைப் பாலத்திலும் வாவிப் பக்கமிருந்து வண்டியின் விலாவில் அடிக்கிற காற்று லேசான ஸ்கூட்டியை அரை மீற்றர் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும். பிடியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, காற்று வருகிற பக்கம் கொஞ்சம் சாய்ந்து போக வேண்டும். எதிரே பஸ் ஒன்று கடந்தால் ஒரு கணம் காற்று நின்று, பஸ் போனதும் திரும்ப அறையும். அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய வீதிகளில், ஒழுங்கை வந்து சேருகிற இடமெல்லாம் மணல் படிந்திருக்கும். மணலில் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேராகக் கடந்து போய், தாரில் ஏறின பிறகு செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். மாரி மழையின் முதல் பத்து நிமிடம் மிக மோசமானது: வெயில் காலம் முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு சேர்ந்து சவர்க்காரம் போல ஆகும். வெள்ளைக் கோடும் பாதசாரிக் கடவையும் அதைவிட வழுக்கும். வெள்ளம் பாய்கிற வீதியில் தண்ணீர் சில்லின் அச்சு மட்டத்துக்கு மேல் என்றால் இறங்கக் கூடாது. அதற்குக் கீழே என்றாலும் முதலாம் கியரில், எக்ஸலேற்றரை விடாமல், ஒரே சீராகப் போக வேண்டும். இடையில் விட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிடும். வெளியே வந்ததும் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி ஐம்பது மீற்றர் ஓட்டிக் காயவைக்க வேண்டும். நனைந்த ட்ரம் பிரேக் முதல் பிடியில் பிடிக்காது.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வட்டைக்குள்ளிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, வருகிற உழவு மெசினும் வெட்டு மெசினும் தாரில் சேற்றுக் கட்டிகளைப் போட்டுக்கொண்டு போகும். வீதியின் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் ஏறுவது உருளைகளின் மேல் ஏறுவது மாதிரி. இருட்டினால் பின்விளக்கு இல்லாத லேண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு மெசின். இரவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சின்ன வண்டியின் விளக்கு வெளிச்சத்தைத் தாழ்த்திப் போட்டால் 30, 40 மீற்றருக்கு மேல் ஒழுங்காகத் தெரியாது. இருட்டில் ஒன்றைக் கண்டு உணர ஒன்றரை செக்கன் எடுக்கும் என்று வைத்தால், 50 கிலோமீற்றரில் நிற்க 37 மீற்றர் வேண்டும். 60இல் 50 மீற்றருக்குக் கிட்ட. அதாவது 60இல் ஓடுகிறவர் தன் வெளிச்சத்துக்கு அப்பால் ஓடுகிறார். எதிரே வருகிற வாகனம் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காமல் வீதியின் இடது ஓரக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஓர் இரவுப் பாடமாவது, மாலை ஆறரைக்குப் பிறகு, உங்கள் பயிற்சிக்குள் இருக்கட்டும்.

மாட்டுக்குப் பின்பக்கத்தால் போக வேண்டும். முன்பக்கத்தால் வெட்டினால் மாடும் அதே பக்கம்தான் ஓடும். தாய் கடந்துவிட்டால் கன்று வரும் வரைக்கும் நில்லுங்கள்.

ஹெல்மெட் பற்றிப் பொலிஸ் நிறையச் சொல்லிவிட்டது. சரியான ஹெல்மெட் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் இந்தக் கணக்கு வார் பூட்டிய தலைக்கு மாத்திரம். வாரைப் பூட்டி, பின்பக்கத்தால் ஹெல்மெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. நாடிக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். பாடசாலைக்குப் பொதுவான ஒரு ஹெல்மெட்டை எல்லாத் தலைக்கும் மாற்றி மாற்றிப் போடுவது ட்ரையலுக்குக் காணும், தலைக்குக் காணாது. எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை உள்ளதாக மூன்று அளவிலாவது வைத்திருங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், போட்டி கூடி, கட்டணம் குறைந்து, ஒருவருக்கு மூன்று நாள் கொடுப்பதே கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். பிரித்தானியாவில் 1990இலிருந்து மோட்டார் சைக்கிள் பழகுகிறவர் முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் தனியாக வீதியில் இறங்க முடியாது. மைதானத்தில் ஒரு போதனாசிரியருக்கு அதிகபட்சம் நான்கு பேர், வீதியில் இரண்டு பேர், வீதியில் குறைந்தது இரண்டு மணித்தியாலம். அதற்குப் பிறகு வருகிற செய்முறைப் பரீட்சையில் 50 கிலோமீற்றர் வேகத்தில் திடீரென நிறுத்துவதும் ஒரு பகுதி. அந்த நாட்டு வசதி இங்கே இல்லை. ஆனால் அந்த எண்களில் பாதியாவது எங்கள் கைக்குள் இருக்கிறது.

நாங்கள் கேட்பது மொத்தம் எட்டு மணித்தியாலம், நான்கு தடவையாக. முதல் இரண்டில் இப்போது நீங்கள் பழக்குவதையே பழக்குங்கள். மூன்றாவது முழுக்க நிறுத்துவது: சோக்குக் கோடு, இரண்டு கட்டப் பிடி, தண்ணீர் ஊற்றி நனைத்த தரையில் 20 கிலோமீற்றரில் ஒருதரம், பின்னால் ஆள் ஏற்றி ஒருதரம். பின்னால் 60 கிலோ ஏறினால் பாரத்தில் முன் சில்லின் பங்கு குறைந்து வண்டி நிற்க எடுக்கிற தூரம் மாறுகிறது; அதைத் தெரியாமல்தான் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அடுத்த நாளே மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறார். நான்காவது வீதியில், இரண்டு பயிலுநர்கள், பின்னால் இன்னொரு வண்டியில் நீங்கள். சந்தை வழியாக ஒருதரம், பாலத்தின் மேல் ஒருதரம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒருதரம், வலது திருப்பம் பத்துத் தடவை. காலை ஆறிலிருந்து எட்டு, பின்னேரம் நாலிலிருந்து ஆறு என்று வைத்தால் வெயிலுக்குள் யாரும் சோர்ந்து விழவும் மாட்டார்கள், வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். மைதானம் இல்லாத பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து பிரதேச சபையிடம் கேட்டால், வாரத்தில் இரண்டு காலை ஒரு கொங்கிறீற் முற்றத்தைத் தர மறுப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அடுத்த தொகுதிப் பயிலுநர்களோடு இதைச் செய்துபார்க்க விரும்புகிற பாடசாலை எதுவானாலும் சொல்லியனுப்புங்கள். முதல் இரண்டு தடவையும் சம்பளம் இல்லாமல் நாங்கள் வந்து நிற்போம். அளக்கிற நாடா, சோக்கு, மணல் போட்ட போத்தல் இருபது எங்களிடம் இருக்கின்றன. உங்கள் வண்டியின் முன் பிரேக் கேபிளை மட்டும் அதற்கு முன்னம் ஒருதரம் இறுக்கிவையுங்கள்.

இப்படிக்கு,
எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மோட்டார் சைக்கிள் பழக்குகிறவர்கள் சிலர்